பழைய சிங்கர் மிதி மெசின்: முழுநேர வேலையோடு தைத்துச் சம்பாதிக்க இது போதுமா?

போதும். ஆனால் எதைத் தைக்கப் போகிறீர்கள், ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் அதற்கு ஒதுக்க முடியும் என்ற இரண்டையும் பொறுத்த விஷயம் அது. நான் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் வீட்டு முன்னறையில் இந்த மெசினை வைத்து பதினெட்டு மாதமாகத் துணிப்பை தைத்து விற்கிறேன். அதே அறையின் மற்ற மூலையில் லப்டொப் மேசை இருக்கிறது, என்னுடைய முழுநேர வேலை அங்கேதான். கம்பனி கொழும்பில், வாடிக்கையாளர் லண்டனில். அவர்களுடைய மென்பொருளைப் பரிசோதித்துப் பிழை பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. ஆகவே இரவு பத்து, பத்தரை வரை கம்பனிக்கு, காலை முழுக்க எனக்கு. அந்தக் காலைக்காகத்தான் மெசின் வாங்கினேன்.

தையல் எனக்குப் புதிதில்லை. அம்மா தைப்பதைப் பார்த்து, சின்ன வயதிலேயே தலையணை உறை, பள்ளிக்கூடப் பை என்று ஏதாவது தைத்துக்கொண்டிருந்தவன். யாழ்ப்பாணத்தில் நல்ல தையல்காரர் பலர் ஆண்கள்தான், அதனால் வீட்டில் யாரும் அதை விசேஷமாகப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து வேலை என்று ஆன பிறகு பகலில் திரையைப் பார்த்தே கண் எரியும், கைக்கு வேறு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் போல இருக்கும். அப்போது இணையத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மெசின் வாங்கினேன், உள்ளங்கை அகலத்தில், மின்சாரத்தில் ஓடுவது, பெயரைச் சொல்லவில்லை. மெல்லிய பருத்தியில் பரவாயில்லை. கான்வஸை இரண்டாக மடித்து வைத்தால் ஊசி இறங்கி அப்படியே நின்றுவிடும். ஏழாவது வாரம் மோட்டரிலிருந்து கருகல் மணம் வந்தது, அதோடு முடிந்தது. விலை குறைவு என்று அதை வாங்க நினைப்பவர்கள் அந்தக் காசைப் பத்திரமாக வைத்திருங்கள், அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஆயுளுக்கும் உழைக்கிற ஒன்று கிடைக்கும்.

இந்த மெசினை விற்றவர் கொக்குவிலில் இருக்கிற ஒரு வயதான அம்மா. பிள்ளைகள் கனடாவில், அவரும் போகப் போகிறார், வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். மெசினுக்கு 32,000 ரூபாய் சொன்னார், நான் விலை பேசவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னரே அவர் அதன் கதையைச் சொல்லிவிட்டார். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் இந்த மெசின்தான் வீட்டுக்குச் சோறு போட்டதாம், குப்பி விளக்கு வெளிச்சத்தில் அயல் முழுவதற்கும் சட்டை தைத்திருக்கிறார். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது மேசையை விட்டுவிட்டு மெசின் தலையை மட்டும் கழற்றி, சாறியில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். வார்ப்பிரும்பு, தூக்கிப் பார்த்தால்தான் அந்தப் பாரம் தெரியும். 1996இல் திரும்பி வந்தபோது கீழேயிருந்த இரும்புக் கால் துருப்பிடித்து வளவுக்குள் கிடந்ததாம், மேலிருந்த பலகை இல்லை. இப்போது இருக்கிற மேற்பலகை பிறகு வேப்பமரத்தில் செய்தது. ஆகவே என் மெசினில் தலை ஒரு காலம், பலகை ஒரு காலம். தைப்பதற்கு இதனால் எந்தக் குறையும் இல்லை, பழைய பொருள் சேகரிப்பவர்கள் மட்டும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள்.

தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது 15கே என்ற வகை. கே என்பது கில்போவியைக் குறிக்கும், ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் என்ற ஊரிலிருந்த சிங்கரின் பெரிய ஆலை அது, 1980இல் மூடிவிட்டார்கள், ஊரின் ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் சிங்கர் என்றுதான் பெயர். என்னுடையதன் தொடர் இலக்கத்தைப் பார்த்தால் 1950களில் செய்தது. சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல், அதனால் நம் ஊர்களில் இந்தக் கறுப்பு மெசின்கள் இன்னமும் நிறையக் கிடக்கின்றன, பல வீடுகளில் மேலே துணி விரித்துப் பூச்சாடி வைத்திருப்பார்கள். எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு, பிற்பகலில் பிரித்தானிய நேரத்துக்கு நான் வேலைக்கு உட்காருகிறேன், காலையில் அதே நாட்டில் செய்து கப்பலில் வந்த இரும்பை மிதிக்கிறேன்.

வாங்கி வந்த அன்று சில்லு அசையவே இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் வீடு வீடாக வந்து மெசின் திருத்துகிற ஒரு ஐயாவைக் கூப்பிட்டேன். பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு வருத்தம் ஒண்டும் இல்லை, தேங்காயெண்ணெய் விட்டுக் கெடுத்துப் போட்டினம்" என்றார். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பசை மாதிரி இறுகிவிடும். மண்ணெண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, பிறகு மெசின் எண்ணெய் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. அதோடு புதுத் தோல் வார், புது பொபின் கூடு (கீழ் நூல் சுற்றிய உருளை இருக்கும் இடம்), ஐயாவின் கூலி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். பொபினும் ஊசியும் தேடி அலையத் தேவையில்லை, இது ஏறத்தாழ எல்லா வீட்டு மெசின்களிலும் போடுகிற அதே ஊசிதான், பெரியகடைப் பக்கம் தையல் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் இருக்கும். எழுபது வயது மெசினுக்கு உதிரிப்பாகம் சைக்கிளில் போகிற தூரத்தில் கிடைக்கிறது, என் மூன்று வயது லப்டொப்புக்குப் பற்றறி கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தது.

மிதிக்கப் பழகுவதுதான் கஷ்டம், அதை மறைக்கக் கூடாது. மின்சார மெசினில் பழகியவர்களுக்கு முதல் வாரம் அழுகை வரும். கால் ஒரு கணம் பிசகினால் சில்லு பின்பக்கமாகச் சுற்றும், நூல் அறும், கீழே கூடு கட்டிவிடும். "கால் பழகுமட்டும் நூல் போடாதை" என்றார் ஐயா, நான் ஐந்து நாள் நூலே இல்லாமல் பழைய கடதாசியில் கோடு வழியே தைத்துப் பழகினேன். தொடங்கும்போது கைச்சில்லை உங்கள் பக்கமாக ஒரு சுற்று இழுத்துவிட வேண்டும், பிறகு குதியும் முன்காலும் மாறி மாறி, ஊஞ்சல் ஆட்டுவது மாதிரி. பழகிய பிறகு அது தரும் கட்டுப்பாடு எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை. ஒரு தையல் மட்டும் போடு என்றால் ஒரு தையல்தான் போடும். பையின் காது, அதாவது கைபிடி, வந்து சேரும் மூலையில் ஆறு மடிப்புக் கான்வஸ் வரும், அங்கே காலை எடுத்துவிட்டுக் கையால் சில்லைச் சுற்றினால் ஊசி மெதுவாக, உறுதியாக இறங்கும். சாதாரணப் பருத்திக்கு 14ஆம் இலக்க ஊசி, கான்வஸுக்கு 16, அந்த மூலைகளுக்கு 18. இலக்கத்தை மாற்றப் பஞ்சிப்பட்டு 14இலேயே தைத்தால் ஊசி முறியும், எனக்கு முதல் மாதத்தில் நான்கு முறிந்தன.

வேகம் குறைவு. ஒரு மிதிக்கு நாலைந்து தையல், நன்றாக மிதித்தால் நிமிடத்துக்கு நானூறு, ஐந்நூறு வரும். ஆடைத் தொழிற்சாலைகளில் இருக்கிற மோட்டர் மெசின் 5,000 தையல் வரை போகும். பத்து மடங்கு வித்தியாசம் என்று பயந்துதான் நானும் முதலில் யோசித்தேன். ஆனால் ஒரு பைக்கு ஆகிற நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தபோது, வெட்டுவது, மடித்து இஸ்திரி போடுவது, ஊசி குத்திப் பிடிப்பது, முடிந்த பிறகு நூல் நறுக்குவது, இவைதான் பெரும்பகுதி. ஊசி ஓடுகிற நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. அதைப் பத்து மடங்கு வேகமாக்கினாலும் எனக்கு மிஞ்சப் போவது சொற்ப நேரம், அதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் கடன் எடுத்து மோட்டர் மெசின் வாங்குவதில் அர்த்தமில்லை. முழு நாளும் தைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, எனக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம்தான்.

கரண்ட் வேண்டாம் என்பது இன்னொன்று. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அப்படி இல்லை, ஆனாலும் மாரியில் மரம் முறிந்து லைனில் விழுந்தால் அரை நாள் போகும். வேலைக்கு லப்டொப்பையும் ரூட்டரையும் தாங்க ஒரு சின்ன பற்றறி வைத்திருக்கிறேன், தையலுக்கு யன்னல் வெளிச்சம் போதும். சத்தம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடகடவென்று சீராக ஒரு சத்தம் இருக்கும், அடுத்த அறையில் குழந்தை நித்திரை கொள்ளலாம், ஆனால் மைக்குக்கு அது நன்றாகக் கேட்கும். ஆகவே மீற்றிங்கில் இருந்துகொண்டே தைக்கலாம் என்று கனவு காணாதீர்கள், கேட்காவிட்டாலும் அது சரியில்லை. சம்பளம் தருகிற நேரம் அவர்களுடையது.

இதால் முடியாதவை: நேர்த்தையல் ஒன்றுதான், சிக்சாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) இல்லை, ஓவர்லொக் (விளிம்பு பிரியாமல் சுற்றிப் போடும் தையல்) இல்லை, பொத்தான் துளை இல்லை, ரீசேட் மாதிரி இழுபடுகிற துணியைக் கிட்டக்கூடக் கொண்டு போகக் கூடாது. பைக்குள் வெட்டு விளிம்பு பிரியாமல் இருக்க நான் இரட்டைத் தையல் போடுகிறேன், முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய விளிம்போடு ஒன்று, பிறகு உட்புறம் வெளியே வரத் திருப்பி அந்த விளிம்பை உள்ளே அடக்கி இன்னொன்று. நேரம் கூட எடுக்கும், ஆனால் பையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்க்கிற ஆட்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நீங்கள் உடுப்புத் தைத்து விற்க நினைத்தால் இந்த மெசின் மட்டும் போதாது. பை, மேசை விரிப்பு, லப்டொப் உறை, திரைச்சீலை என்றால் தாராளம்.

சரி, காசு. முதல் இரண்டு மாதம் நான் செய்தது முழுப் பிழை. ஒரு மீற்றர் கான்வஸ் 900 ரூபாய், அதில் இரண்டு பை வரும், நூலும் சேர்த்து ஒரு பைக்கு 490 ரூபாய் செலவு. அதை 600க்கு விற்றேன், தெரிந்த ஆட்கள், கூடக் கேட்க வெட்கம். ஒரு பைக்கு அப்போது எனக்கு ஒரு மணி இருபது நிமிடம் பிடித்தது, மிஞ்சியது 110 ரூபாய். அம்மாதான் ஒரு நாள் கேட்டார், "நீ துணிக்காசை மட்டும் எழுதுறாய், உன்ர நேரத்தை எங்க எழுதியிருக்கிறாய்?" என்று. அன்றைக்குக் கொப்பியில் புதிதாக ஒரு நிரல் கீறினேன். இப்போது விலை 950. பத்துப் பைக்கான துணியை ஒரே தடவையில் வெட்டி, எல்லாக் காதையும் ஒரே இருப்பில் தைத்து, பிறகு எல்லா உடலையும் தைத்தால் பைக்கு நாற்பது நிமிடம். 460 ரூபாய் மிஞ்சும். கிழமைக்குப் பத்து, மாதத்துக்கு 18,000 ரூபாய் அளவில். மெசின், திருத்தம், நல்ல கத்தரிக்கோல், விளக்கு என்று போட்ட 47,500 ரூபாய் ஆறாவது மாதம் திரும்பி வந்துவிட்டது. விலையைக் கூட்டியபோது மூன்று பேர் வாங்குவதை நிறுத்தினார்கள், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. 2025 நவம்பரிலிருந்து கடைகளில் பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது என்று வந்த பிறகு சந்தைக்குத் துணிப்பை கொண்டு போகிற ஆட்களையும் கொஞ்சம் கூடக் காண்கிறேன், ஆனால் 950 கொடுத்து வாங்குபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து லீவில் வருபவர்களும், அவர்களுக்காக வாங்கும் உறவினர்களும்தான். பெட்டியில் மடித்து வைத்தால் இடம் பிடிக்காது, உடையாது, போய்ச் சேர்ந்த இடத்தில் ஊர்ச் சாமான் என்று காட்டலாம்.

அந்த ஆட்களால்தான் போன வருடம் நல்லூர்த் திருவிழா நேரம் ஒரு பெரிய பிழை விட்டேன். ரொறொன்ரோவிலிருந்து வந்த ஒரு குடும்பம், மகளின் சாமத்தியவீட்டுக்கு வருகிற ஆட்களுக்குக் கொடுக்க 120 பை கேட்டார்கள், மூன்று கிழமைக்குள். எண்பது மணித்தியாலத் தையல். தலையாட்டிவிட்டேன். சில நாட்களில் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து பகல் ஒரு மணிக்கு எழும்பி, அப்படியே லப்டொப்புக்குப் போய், இரவு முடிந்து திரும்ப வந்து பொபின் சுற்றி வைத்துவிட்டுப் படுப்பேன். மூன்றாம் கிழமை, பணம் செலுத்தும் பக்கத்தில் இருந்த ஒரு பிழையைப் பார்க்காமல் சரி என்று அனுப்பிவிட்டேன், வாடிக்கையாளரே கண்டுபிடித்துச் சொன்னார். குழுவில் என்னோடு வேலை செய்கிற தங்கச்சி ஒருவர் தன்னுடைய சனிக்கிழமையை விட்டு அதைச் சரிசெய்ய உதவினார். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. கடைசி நாற்பது பையையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன், ஒரு பைக்கு 200 ரூபாய் கூலி, என்னைவிட நேராகத் தைத்தார். மெசின் இத்தனைக்கும் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை, வார் மட்டும் நீண்டு வழுக்கத் தொடங்கியது, ஒரு துண்டு வெட்டிக் கம்பி போட்டு இணைத்ததும் பழையபடி ஓடியது. அதற்குப் பிறகு கிழமைக்குப் பத்துக்கு மேல் எடுப்பதில்லை, யார் கேட்டாலும் எப்போது தர முடியும் என்ற திகதியைத்தான் சொல்கிறேன். பெரிய ஓடர் என்றால் அக்காவுக்கும் பங்கு.

அந்த ஓடருக்கு முன்னரே மேலாளருக்கு ஈமெயில் எழுதி, வேலை நேரத்துக்கு வெளியே துணிப்பை தைத்து விற்கிறேன், கம்பனி வேலையோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று அனுமதி கேட்டு வாங்கியிருந்தேன். நியமனக் கடிதத்தில் வேறு வருமானம் பற்றி ஒரு வரி இருந்தது, உங்களுடையதிலும் இருக்கலாம், எடுத்து வாசியுங்கள். அந்த ஈமெயில் இல்லாமல் அந்தப் பிழையும் நடந்திருந்தால் என் நிலை என்ன என்று பல இரவு யோசித்திருக்கிறேன். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரையும் பதிந்தேன். வரியிலும் கவனமாக இருங்கள், 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரைதான் தனிநபருக்கு விலக்கு, சம்பளத்தையும் பைக்காசையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, கம்பனி சம்பளத்துக்கு மட்டும்தான் வரி கழித்துக் கட்டும். மற்றதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதற்காகத்தான் கொப்பியில் துணிக்கடைப் பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் ஒட்டி வைக்கிறேன்.

யாராவது இதைப் பார்த்து மெசின் தேடினால், கடைகளில் புதுப் பெயின்ற் அடித்துப் பளபளக்கிறதைப் பார்த்து மயங்க வேண்டாம். கைச்சில்லைச் சுற்றிப் பாருங்கள், இறுக்கம் என்றால் பயமில்லை, எண்ணெய்க் கசடு, கழுவலாம். சில்லைச் சுற்றாமலே ஊசிக்கம்பி மேலும் கீழும் லொடலொடவென்று ஆடினால் அது தேய்மானம், விட்டுவிடுங்கள். பொபின் பகுதிக்கு மேலிருக்கிற தகட்டைத் தள்ளி உள்ளே துரு இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள், கடற்கரைப் பக்க வீடுகளில் இருந்து வருபவற்றில் கட்டாயம். இரும்புக் காலில் வெடிப்பு இருந்தால் ஒட்டி நிற்காது. மேற்பலகை, வார், பெயின்ற் எல்லாம் மாற்றக்கூடியவை. சோதிக்க ஒரு துண்டுக் கான்வஸை நீங்களே கொண்டு போங்கள், அவர்கள் வைத்திருக்கிற மெல்லிய துணியில் எந்த மெசினும் வடிவாகத் தைக்கும்.

இந்த மேசையில் பொருத்தக்கூடிய சிக்சாக் தலை ஒன்று இருக்கிறது, அதையும் காலால் ஓட்டலாம் என்கிறார் ஐயா. பைக்காசில் தனியாக ஒரு தொகை அதற்குச் சேர்கிறது. அது வந்தாலும் இந்தத் தலையை விற்கப் போவதில்லை. போன மாதம் கொக்குவில் அம்மா கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் கூப்பிட்டு மெசினைக் காட்டச் சொன்னார். தொலைபேசியைப் பலகையில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு பையின் காதைத் தைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை, பிறகு, "தம்பி, இடப்பக்கம் மிதிக்கேக்க ஒரு கிறீச் சத்தம் வருது, அந்த மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடு" என்றார். விட்டேன், சத்தம் நின்றது.